கம்பளியைப் பிடித்த ஆறு பேர்

பொட்டாசியம் பார்க்கும் மெஷினுக்குப் புதிய சவ்வு போடும் நாள் வந்தால் ஜீவராணி நினைவு வந்துவிடுகிறது. பதுளையில் எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம், அதனால் காலம் ஓடியது. போன வருடம் ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டாள். அந்த நாற்காலியில் இப்போது கையுறைப் பெட்டிகள் இருக்கின்றன. பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்தச் சவ்வுக்குள் வளையமான ஒரு பெப்டைட் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள சவ்வைப் பொட்டாசியம் அயன் தனியாகக் கடக்காது. வளையம் அதை நடுவில் வாங்கி, ஆறு ஒட்சிசன் அணுக்களால் சுற்றிப் பிடித்து அக்கரை சேர்க்கும். சோடியம் சிறியது, அந்தப் பிடிக்குள் நிற்காது. படித்த காலத்தில் இது என் மண்டையில் ஏறவே இல்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த ஜீவராணிதான் ஏற்றினாள்.

"எங்கம்மாவுக்கு முடியாமப் போனப்ப கம்பளியில போட்டு, சுத்தி ஆறு பேரு புடிச்சு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க ஸிஹாமா. அது மாதிரிதான் இதுவும்."

தாய் பிழைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் காலை அதே மடுல்சீமையிலிருந்து இராக்கம்மா என்ற வயதான பெண், மகள் சுதர்ஷினியோடு வந்தார். நான்தான் இரத்தம் எடுத்தேன். பொட்டாசியம் 6.4. இதயமே தடுமாறக்கூடிய அளவு. நான் வாய்விட்டுச் சொன்னதும் மகள் அழத் தொடங்கிவிட்டாள். நான் டொக்டருக்குச் சொல்ல போனை எடுத்தேன்.

"பொறு," என்றாள் ஜீவராணி. "எப்படி எடுத்த?"

"நரம்பு தெரியல்ல. கைய மடக்கி மடக்கி விரிங்க எண்டு சொன்னேன்."

அவள் இராக்கம்மாவின் மடியைப் பார்த்தாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள், நான் சொன்னதை இன்னும் நிறுத்தாமல் பறித்துக்கொண்டே இருந்தன. தசை அப்படி உழைத்தால் பொட்டாசியம் கசிந்து இரத்தத்தில் கூடும். எனக்கும் தெரிந்த பாடம்தான். தெரிந்து என்ன, புத்தி வேண்டாமா?

"போதும்மா, நிப்பாட்டுங்க," என்றாள் ஜீவராணி.

"விட்டா கையி தானா போகுது புள்ள."

ஜீவராணி அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் விரித்துப் பிடித்து, பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு நரம்பு புடைக்கக் கட்டும் கைப்பட்டியை இறுக்காமல் நான் மறுபடி எடுத்தேன். 4.3. மெஷின் முதலிலும் பொய் சொல்லவில்லை. கொடுத்ததைத்தான் காட்டியது. தப்பு என்னுடையது.

தாயும் மகளும் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள். உள்ளே வந்து பார்த்தால் ஜீவராணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா கம்பளியில கெடந்தப்பவும் விரலு இப்படித்தான் பறிச்சிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு ஒம்பது வயசு. வெளையாடுறாங்கன்னு சிரிச்சேன். ரோட்டுக்குப் போறதுக்குள்ள நின்னுருச்சு. ஆறு பேருக்கும் கம்பளியப் புடிக்கவே கை சரியா இருந்துச்சு ஸிஹாமா. கையச் சும்மா வச்சுக்கிட்டு கூட வந்தது நான் மட்டுந்தான்."