சலவைத் தொட்டியில் நான் செய்த தவறு

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் இது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய சாட்சி இல்லை. பொறுமையாகக் கேளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில், பி.ஏ. முடித்த கையோடு பாளையங்கோட்டையிலிருந்து திருப்பூருக்கு வந்தேன். ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர் வேலைக்குப் பயிற்சி. அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆபீஸ்காரன் தவறே செய்யமாட்டான் என்பதுதான் அங்கே நான் கற்ற முதல் பாடம். எது கெட்டாலும் தொழிலாளி தலையில்தான் விடியும்.

சலவைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் அளந்து போடுவது என் பொறுப்பு. திருடிவிடுவார்கள் என்று தொழிலாளிகளை அதைத் தொடவிடமாட்டார்கள். ஒருநாள் பவுடரைப் போட்டு முடித்ததும் மேனேஜர் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் திட்டினார். திரும்பி வந்த கலக்கத்தில், போட்டதை மறந்து இன்னொரு முறை போட்டுவிட்டேன். மறுநாள் துணி தொட்ட இடமெல்லாம் கிழிந்தபோதுதான் இரண்டு முறை போட்டது எனக்கு உறைத்தது. துணியை ஊறவைத்த மருதண்ணனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் காலையில் கம்பெனி வாசலில் வந்து நிற்பார். அப்படி நின்றால் என்றைக்காவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது அங்கே வழக்கம்.

"வாங்க சார்" என்பார் என்னைப் பார்த்ததும். "எத்தன நேரம் ஊற வெச்சேன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறனுங்க. எங்க தப்பு பண்ணுனேன்னே தெரியலீங்க. மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

அந்த மரியாதை என்னைக் கொன்றது. "ஆண்டவரே, என் வேலையைக் காப்பாற்றும்" என்றுதான் தினமும் ஜெபித்தேன். பன்னிரண்டாம் நாள் அந்த ஜெபமே வரவில்லை. "என் வாயைத் திறந்தருளும்" என்று அழுதேன். நேரே முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அவன உள்ள வரச்சொல்லு. நீ போயிரு" என்றார் முதலாளி.

நான் வெளியே வந்து மருதண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"முன்னயே சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றார். "புள்ளயப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தி, பனியன் மடிக்க அனுப்பிட்டனுங்க."

அந்தப் பெண் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவேயில்லை என்று பின்னால் தெரிந்தது.

எனக்கு வேறு வேலை கிடைத்தது. அதற்கும் ஸ்தோத்திரம். அதன்பின் என் தவறை நான் யார் தலையிலும் கட்டியதில்லை. உங்களில் யாராவது இப்படி வாயடைத்துப் போயிருந்தால், ஆண்டவரை நம்பி இன்றே கேளுங்கள். நான் கேட்ட அன்றே அவர் கொடுத்தார். கேட்பதற்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டவன் நான்தான்.