வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடப்போகிறார்கள் என்பது பினாங்குக்கு வெறும் பேச்சாகத்தான் வந்தது. சீமையில் போட்டாயிற்றாம், ஆகவே இங்கேயும் வேண்டுமாம். முதலில் துரைமார் குடியிருந்த கடற்கரைச் சாலையில் போட்டார்கள். கார் வைத்திருந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சைக்கிள்காரர்களை யாரும் கேட்கவில்லை. அடுத்து எங்கள் தண்ணீர்மலைச் சாலைக்கு வந்தது.

பாதை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சாலையில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் பக்கம் கார். இந்தப் பக்கம் கையகலச் செம்மண், அதை ஒட்டியே ஆழமான கல் சாக்கடை, எங்கள் பேச்சில் லோங்காங். என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே சைக்கிளில் பால் ஊற்றப் போகிறவர்.

"லோங்காங் ஓரமாவே போகச் சொல்றானுங்களே, இருட்டுல கண்ணு தெரியுமா?" என்றேன்.

"கார்க்காரன் நம்மள இடிக்காம இருக்கத்தானே போட்டிருக்கான். சும்மா பயப்படாதே லா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஒரு நாள் சாக்கடைக்குப் பயந்து கோட்டைத் தாண்டிப் போனவரைப் போலீஸ்காரர் பிடித்து, இன்னொரு தடவை பார்த்தால் சைக்கிளைப் பறித்துக்கொள்வேன் என்று மிரட்டி அனுப்பினார். சைக்கிள் போனால் எங்கள் பிழைப்பும் போயிற்று. பிறகு அவர் கோட்டை மிதிக்கவே இல்லை.

தைப்பூசம் வந்தது. ரதம் போகிற வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வெறுங்கால் என்பதால் சில்லுகளை உடனே ஓரத்துக்குக் கூட்டித் தள்ளுவது எங்கள் ஆட்களின் வழக்கம். வருஷம் தவறாமல் துடைப்பம் எடுப்பவர் என் வீட்டுக்காரர். அன்றும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு ஓரமாகவே தள்ளினார். பழகின கை. அந்த ஓரத்தில் இப்போது சைக்கிள் போகிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏங்க, நாளைக்கு நீங்க இதுலதானே போகணும்?" என்று கேட்டேன்.

செம்மண்ணே தெரியாமல் கிடந்த சில்லுகளை அப்போதுதான் பார்த்தார். முகம் மாறியது. "காலையில ரோடு கூட்டுற கூலியாளுங்க வந்து அள்ளிருவாங்க" என்றார்.

யாரும் வரவில்லை. மறுநாள் விடியுமுன் இருட்டில் வாசலில் நின்று கெஞ்சினேன். "இன்னைக்கு ஒரு நாள் நடு ரோட்டுல போங்க. இல்லன்னா தள்ளிக்கிட்டாவது போங்க."

"தள்ளிக்கிட்டுப் போனா பால் எப்பப் போய்ச் சேரும்? நடு ரோட்டுல போனா சைக்கிள் போயிரும்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார்.

விடிந்ததும் ஒரு போலீஸ்காரர் வந்தார், தமிழர்தான். சில்லில் சக்கரம் சறுக்கி, சாக்கடையில் விழுந்து, கல்லில் மண்டை அடிபட்டு, அங்கேயே முடிந்துவிட்டது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மேலும் ஒன்று சொன்னார்.

"கோட்டுக்கு உள்ளதான் போயிருக்காரு அக்கா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

மேலிடத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆகவே பாதையின் மீதும் தப்பில்லை என்றாகிவிட்டது. அவருக்குக் கருமாதி முடிவதற்குள் அடுத்த சாலையில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள்.