கிபிரின் மேற்பக்கம்

அண்ணா! எல்லாரும் வாசிக்கப் போகிற இதில் உன் பெயரை எழுத அம்மா விடவில்லை. அதனால் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன். மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். முப்பத்தோராம் நாள் பூசையும் நேற்று முடிந்தது.

சண்டை முடிந்து நாங்கள் எங்கள் ஊர் வங்காலையில் மீளக் குடியேறி, தகர வீட்டுக்குக் கரண்ட் வந்த பிறகு, வெளிநாட்டு மாமா தன் பழைய லப்டொப்பை அனுப்பினார். அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு இருந்தது. நீ ஓட்டியது குறைவு. விமானங்களுக்கு நிறம் பூசியதுதான் அதிகம். விமானத்தின் தோலை உரித்து விரித்த மாதிரி ஒரு படம். அதில் நிறம், இலக்கம், ஆணி, எண்ணெய்க் கறை எல்லாம் கீறுவாய். விளையாட்டுக்குள் போட்டால் அது விமானத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக எடுத்தது கிபிர் விமானம். சண்டைக் காலத்தில் நாங்கள் பதுங்கிக் கிடந்த பங்கர் குழிக்கு மேலே பறந்து குண்டு போட்டது.

“ஏன்டா, உலகத்தில வேற பிளேனே இல்லையோ?” என்று அம்மா அழுதார்.

அதன் வயிறு என்ன நிறம் என்று கடற்கரையில் வலை பொத்துகிறவர்களிடம் போய்க் கேட்டாய்.

“வெள்ளை, தம்பி.”

“என்ன வெள்ளை? சாம்பல். நீ எப்ப நிமிந்து பாத்தனீ? கண்ணை மூடிக்கொண்டு செபமாலையெல்லோ சொன்னனீ.”

“ஏன் தம்பி கேக்கிறாய், திரும்பக் கூப்பிடப் போறியோ?”

பங்கருக்குள் நாங்கள் குப்புறக் கிடந்தோம். நீ மட்டும் மல்லாந்து கிடந்து பார்த்தாய். அதனால் வயிறு அச்சொட்டாக வந்தது. வெளிநாட்டுக்காரர் இப்படியான படங்களைப் போடுகிற தளத்தில் காட்டினாய். கீழ்ப்பக்கம் அப்படியே உண்மை, மேற்பக்கம் ஏன் வெறுமை என்று ஒருவர் கேட்டார்.

“மேல்பக்கத்தை நான் எங்கையடி கண்டனான்?” என்று என்னிடம் கேட்டாய். இணையத்தில் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறமாம். கொழும்பில் பழைய விமானங்கள் நிற்கிற இடத்துக்குப் போய், ஏணி வைத்தாவது பார்ப்பேன் என்றாய்.

“ஏணியோட போனா உன்னை உள்ளுக்குத்தான் போடுவாங்கள்” என்றேன்.

போக இருந்த கிழமைதான் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, “அந்தக் கிபிரை முடிக்காமல் தளத்தில போட்டிடாதை” என்றாய்.

“நீயே வந்து முடி. அந்தச் சனியனை எனக்குப் பாக்கேலாது” என்று ஏசினேன். உன்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான், அண்ணா.

இன்று காலை லப்டொப்பைத் திறந்து மேற்பக்கத்துக்குப் பச்சை பூசிப் பார்த்தேன். உன் கை மாதிரி வரவில்லை. அழித்தேன். நீ சொன்னதை மீறி, வெறுமையாகவே தளத்தில் போட்டுவிட்டேன். கோபிக்காதே. போடாவிட்டால் உன் வேலை இந்தப் பெட்டிக்குள்ளேயே செத்துவிடும்.

படம் கீறினவன் இப்போது இல்லை என்று, மேற்பக்கம் ஏன் வெறுமை என்று கேட்ட அந்த மனிதருக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். அவர் எந்த வேதமோ, எந்த மதமோ தெரியாது. அவரிடம் கேட்டதையே இதை வாசிக்கிற உங்களிடமும் கேட்கிறேன். என் அண்ணாவுக்காக எல்லாரும் ஒருக்கா மன்றாடுங்கோ.