அண்ணா போட்டுத் தந்த புரொக்சி

அடித்த கணவரை விட்டு, முரசுமோட்டையில் உள்ள அம்மா வீட்டுக்கு நான் திரும்பி வந்திருந்த காலம் அது. கிளிநொச்சியில் கணினிக் கடை வைத்திருக்கும் அண்ணா, தன் பழைய லப்டொப்பை எனக்குத் தந்தார். அது மெதுவாக வேலை செய்ததால், பாரமில்லாத சின்ன பிரவுசர் ஒன்றைப் போட்டு, அதன் செட்டிங்ஸில் ஏதோ இலக்கங்களைப் பதிந்தார்.

"இது புரொக்சி. இனி உன்ர இன்ரநெற் என்ர கடைக் கொம்பியூட்டருக்குள்ளாலதான் வரும். பயமில்லாமல் நீ பாவிக்கலாம்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விவாகரத்துக்கு இலவசமாக வழக்குப் பேசுபவர்களை அதில்தான் தேடினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு பின்னேரம் அண்ணாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தபடி என் கணவர் வந்து இறங்கினார்.

"கோட்டுக்குப் போகப் பாக்கிறியாம்?" என்று கேட்டார்.

நான் அண்ணாவிடம் திரும்பினேன். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. நீ எந்தெந்தச் சைற்றுக்குப் போறாய் எண்டு என்ர கொம்பியூட்டரில விழும். உன்ர நன்மைக்குத்தான் பாத்தனான்."

அம்மா தேநீரைக் கொண்டுவந்து முதலில் என் கணவருக்கு நீட்டினார்.

நான் அறைக்குள் போய், அண்ணா பதிந்த அந்த இலக்கங்களை அழித்தேன். கணவரோடு போக மறுத்துவிட்டேன். பிறகு விவாகரத்தும் கிடைத்தது.

அண்ணா இப்போதும் வருவார், பாசமாகத்தான் கதைப்பார். செய்தது பிழையென்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அடித்தவரிடமிருந்து விலக நீதிமன்றம் இருந்தது. பாசத்தோடு காட்டிக்கொடுத்தவரிடமிருந்து விலக எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.