ஈரலில் குடியிருக்கும் கிருமி

வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் என்னைத் தள்ளிவிட்டார்கள். காகிதத்தில் ஹெபடைடிஸ் பி என்று இருந்தது. பேட்டையில் லேத் பட்டறையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். மஞ்சள் காமாலை என்று ஒருநாள் படுத்ததில்லை. யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

காக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். வாப்பா மௌத்தாகி அடக்கமானதிலிருந்து வீட்டில் அவர் சொல்வதுதான் நடக்கும்.

"எங்கன போய் வாங்கிட்டு வந்தே?"

"எங்கயும் போவல."

"போவாம இது வராது லே. எவகிட்ட போனேன்னு சொல்லு."

உம்மாவும் மதினியும் நிற்கும்போதே கேட்டார். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். உம்மாதான் நடுவில் விழுந்து விலக்கினாள். மறுநாளிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். தட்டின் அடியில் மதினி நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். என்னிடம் ஓடிவந்த தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஈரல் மருத்துவரைப் பார்க்கப் போனேன். உம்மாவும் வந்தாள். மருத்துவர் அம்மா என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உம்மாவின் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். உம்மாவுக்கும் இருந்தது.

"இந்த வைரஸ் ஈரல் செல்லோட உட்கருவுக்குள்ளயே போய், சின்ன வளையம் மாதிரி உக்காந்துக்கிடும்," என்றார். "அந்த செல்லை வச்சே தன்னை நகல் எடுத்துக்கிட்டிருக்கும். பெரியவங்களுக்குத் தொத்துனா உடம்பு சண்டை போட்டுப் பெரும்பாலும் அடக்கிரும். பிறக்கும்போதே தொத்துனா, பிள்ளையோட உடம்புக்கு அது அந்நியம்னே தெரியாது. சண்டையே போடாது. வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும்."

"அப்ப நாந்தான் குடுத்தனா?" என்றாள் உம்மா.

"தெரிஞ்சா குடுத்தீங்க? உங்களுக்கு எப்ப வந்துச்சோ. மாத்திரை அதை அடக்கி வைக்கும், ஆனா மொத்தமா வெளியேத்தாது. சேர்ந்து சாப்பிட்டா இது தொத்தாது. ரத்தத்தால வரும், தாம்பத்தியத்துல வரும், பிரசவத்துல வரும். மூத்த மகனையும் வரச் சொல்லுங்க."

காக்கா வரவில்லை. "சின்னவனைக் காப்பாத்த உன் தலையில பழியைப் போட்டுக்கிடுதே," என்று உம்மாவைத்தான் திட்டினார். அன்றே உம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போனேன்.

ஏழெட்டு மாதம் கழித்து காக்காவுக்குக் கால் வீங்கியது, பிறகு வயிறு. அதே மருத்துவரிடம்தான் கொண்டுபோனார்கள். அவருக்கும் அதே கிருமி. ஈரல் சுருங்கி, வடு விழுந்து கிடந்தது. மதினி வந்து சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை இங்கே மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். மதினிக்கும் மகளுக்கும் தொற்றவில்லை, தடுப்பூசி போட்டார்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் நல்லவிதமாக ஏதோ தோன்றியது.

உம்மா என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த காக்கா என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

"நீதாம்லே எனக்குத் தந்தே."

"இவ்வளவு வடு விழ எத்தனையோ வருஷம் ஆகும்," என்றார் அருகில் நின்ற மருத்துவர். "தம்பிக்குத் தெரிய வந்து ஒரு வருஷம்கூட ஆவல. உங்க ரெண்டு பேருக்குமே பிறக்கும்போது வந்திருக்கும்."

"அவனை வெளிய போவச் சொல்லுங்க."

நான் போகவில்லை. "எவகிட்ட போனீய காக்கா?" என்று கேட்டேன். மதினி குனிந்துகொண்டாள். உம்மா என் தோளில் அடித்தாள். கேட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

வயிற்று நீரை எடுத்தபின் காக்கா ஓரளவு தேறினார். மூன்று பேரும் மாத்திரை சாப்பிடுகிறோம். கிருமியின் அளவு குறைந்துவிட்டது; கிருமி போகவில்லை. பரிசோதனை நாளில் காத்திருக்கும் அறையில் அவர் கதவோரம் உட்காருவார், நான் ஜன்னலோரம். உம்மா இரண்டு பக்கமும் போய்ப் பேசிவிட்டு வருவாள். போன மாதம் அவர் சொன்னதாக ஒன்று சொன்னாள்:

"நான் மௌத்தானா மையத்தைத் தூக்க அவன் வரவேணாம்னு சொல்லுதான்."

"வரலன்னு சொல்லிரு," என்றேன். உம்மா அதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை.