முழங்காலுக்குக் கீழே

மகள் தன் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மலையிறங்கிப் போய் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. மருமகன் அதற்கு முன்பே போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், திரும்பவில்லை. நாமக்கல்லில் கட்டட வேலைக்குப் போன மகள் அங்கேயே இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு இந்தப் பிள்ளை வேண்டாமாம். ஆக, வாசலூர்பட்டியில் எங்கள் வீட்டில் ஆள் இரண்டு: நானும், ஏழு வயதுப் பேத்தியும்.

பேத்திக்கு டிவியில் கார்ட்டூன் பார்க்க வேண்டும். சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். சும்மா உட்கார்ந்து பார்க்கத் தெரியாது. கோடை லீவில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்தேன். மொத்தம் பதினேழு கார்ட்டூன். பத்தில் குழந்தைக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இரண்டில் மாமன் வளர்க்கிறான். ஒன்றில் ஒரு கிழட்டு ஆமை வளர்க்கிறது. பாக்கி நான்கில் அம்மா உண்டு, ஆனால் முகம் கிடையாது. முழங்காலுக்குக் கீழே கால் மட்டும் வந்து நின்று, சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

கணக்கை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அதிரவில்லை.

"அந்த ஆமை நீங்கதானுங்க அப்புச்சி" என்றாள். பிறகு, பெரிய மனுஷிபோல விளக்கினாள். அம்மா இருந்தால் போகாதே, ஓடாதே, மழையில் நனையாதே என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், கதையே நடக்காது. அதனால்தான் தள்ளி நிற்க வைத்திருக்கிறார்கள். கடைசிக் கதையில் முகத்தைக் காட்டுவார்கள்.

"காட்ட மாட்டாங்க" என்றேன். "படம் போடறவனுக்கே அந்த மூஞ்சி தெரியாது."

பள்ளிக்கூடம் திறந்ததும் குடும்பத்தை வரைந்து வரச் சொன்னார்கள். கண்ணாடியோடு என்னை வரைந்தாள், ரிப்பனோடு தன்னை வரைந்தாள். தாளின் ஓரத்தில், சேலைக் கரைக்குக் கீழே மெட்டி போட்ட இரண்டு கால்கள். எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் இரண்டே பேர்தான் என்று சொல்லி, ரப்பரை வாங்கிக் கால்களை நானே அழித்தேன். அழுத்தி வரைந்திருந்ததால் பள்ளம் மட்டும் தாளில் அப்படியே இருந்தது. அவள் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று முதல் அம்மா எப்போது வருவாள் என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்கும்போதெல்லாம் நான் நோட்டில் ஒரு கோடு போட்டு வந்தேன். ஐந்து வாரத்தில் நாற்பத்தொரு கோடு.

ஆறாவது வாரம் சந்தைக்குச் செம்மேடு போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் மகள் இறங்கினாள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் கையில் இருந்த பையை நீட்டினாள். புருஷனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாளாம், சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டுமாம்.

"புள்ளய ஒருக்கா கண்ணுல பாத்துட்டுப் போயிடறனுங்கப்பா."

"எதுக்கு? அது உன்னயக் கேக்கறதே இல்ல" என்றேன். "மூணு வருசத்துல ஒருக்காகூடக் கேக்கல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கணக்கில் நான் தப்புச் சொல்லமாட்டேன் என்று சின்ன வயதிலிருந்தே நம்பி வளர்ந்தவள். வந்த பஸ் திரும்பும்வரை இருபது நிமிஷம் நின்று, அதிலேயே ஏறிக்கொண்டாள். இறங்கும்போதும் அதே எழுபது வளைவுதான்.

பையில் ஒரு ஜோடிச் செருப்பு, சிவப்பு வார். புதுச் செருப்பைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. சந்தையில் வாங்கினேன் என்று பேத்தியிடம் கொடுத்தேன். ஆத்திரத்தில் நம்பர் பார்க்கவில்லை. வாழ்க்கையில் நான் பார்க்காமல் விட்ட ஒரே நம்பர்.

போட்டுப் பார்த்தாள். குதிகால் மூன்று விரல் வெளியே நின்றது.

அவளுக்குச் செருப்பு வாங்கும் முறை எங்கள் வீட்டில் ஒன்றுதான். ஜூன் மாதம் தாளின்மேல் அவளை நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, வெட்டி, கடைக்கு எடுத்துப் போவேன். தாளில் வருஷம் எழுதி நோட்டில் செருகி வைப்பேன். அவள் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். இந்த வருஷத்துத் தாளின்மேல் செருப்பை வைத்தாள். போன வருஷத்துத் தாளின்மேல் வைத்தாள். அதற்கு முந்தியதன்மேல் வைத்தாள். எல்லாவற்றையும்விடச் செருப்பு சின்னது. கடைசியாக, மகள் போவதற்கு முன் அவளே கோடு இழுத்து விட்டுப்போன பழைய தாள். செருப்பு அதன்மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

அழுவாள் என்று நினைத்தேன்.

"அம்மா கால்ல மெட்டி இருந்துச்சுங்களா அப்புச்சி?"

"நான் கவனிக்கல கண்ணு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது.

அவள் தாள்களை வருஷ வரிசையில் அடுக்கி நோட்டுக்குள் வைத்தாள். செருப்பைத் தன் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள். டிவியைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அந்தக் கேள்வியையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு. அதன் பிறகு ஐந்து மாதமாக நோட்டில் ஒரு கோடும் இல்லை. மகளிடம் பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னது இப்போது உண்மை.