நெருப்பைச் சுற்றி வந்த ஞானத்தாய்

சேற்றுக்கு மேல் பலகை போட்ட எங்கள் சந்தில் லிண்டால்வா தலை தெரிந்ததும் குழந்தைகள் ஐஸ் கேட்டு ஓடி வரும். அவர்கள் மேல் தப்பில்லை. பிரேசிலில் எங்கள் பெலெம் ஊரில் தோளில் வெள்ளைப் பெட்டியோடு திரிபவர்கள் குச்சி ஐஸ் விற்பவர்கள்தான். இவள் பெட்டியிலும் ஐஸ்கட்டி உண்டு. அதன் நடுவே இருப்பது வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளின் மலம். ஆய்வுக்கூடத்துக்காக வீடு வீடாக வாங்கிப் போவது அவள் வேலை.

"இந்த ஐஸைக் குடுத்தா உங்கம்மா என்னை ஆத்துல தள்ளிடுவா" என்பாள். ஐம்பது வயது, பெரிய உடம்பு, பெற்ற பிள்ளை கிடையாது.

இந்தப் போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருக்குமாம். தடுப்பு மருந்து எந்த வேஷத்தைக் கோட்டை விடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை கூத்தும். அந்த ஜூன் மாதம் அடுத்த சந்துக் குழந்தை ஒன்றிடம் ஊரில் அதுவரை காணாத வகை அகப்பட்டது. இன்னொரு வீட்டுக் குழந்தையிடமும் இருந்தால்தான் பரவுகிறது என்று மேலிடம் நம்பும் என்றார் ஆய்வுக்கூடத்து டாக்டர் தர்சீசியோ.

அந்த இன்னொரு குழந்தை எங்கள் சந்திலேயே இருந்தது. ரோசிலேனியின் மகன் காயோ, தவழ்கிற வயசு. ஆனால் போக்குக்குக் காரணம் என் கடை அசாயிப் பழக்கூழ்தான் என்று அவள் சந்து முழுக்கத் தமுக்கடித்திருந்தாள். தவழ்கிற பிள்ளைக்கு என் கூழை யார் ஊட்டச் சொன்னது? கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். லிண்டால்வாவைவிட எனக்குத்தான் அந்த மலம் அவசரமாகத் தேவைப்பட்டது.

ரோசிலேனி வாசலை மறித்து நின்றாள்.

"வெளியாள் கையில பிள்ளையோட அழுக்கு போனா யாராச்சும் ஏதாச்சும் செஞ்சு வெச்சிருவாங்க. கோச்சுக்காதீங்க அக்கா."

"நான் வெளியாளாடி?"

"எங்களுக்கு நீங்க என்ன சொந்தம்?"

லிண்டால்வா தெருமுனையைப் பார்த்தாள். அன்று புனித யோவான் திருநாள். நெருப்பு மூட்டப் போகிறார்கள். இரண்டு பெண்கள் கைகோத்து, புனிதர் பேரைச் சொல்லி அதைச் சுற்றி வந்துவிட்டால், ஒருத்தியின் பிள்ளைக்கு மற்றவள் ஞானத்தாய், பெறாத அம்மா. பாதிரியாரே தேவையில்லை.

"மூணு சுத்து வரணுமே, முடியுமா அக்கா?" என்றாள் ரோசிலேனி.

"உன் மகனோட மல டப்பாவுக்காக முப்பது சுத்து வரேன்."

விறகு அடுக்கியது நான்தான். பெட்டியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். குழந்தைகள் என்னிடம் ஐஸ் கேட்டு நச்சரித்தன. இரண்டாம் சுற்றில் லிண்டால்வாவின் பாவாடை ஓரம் கருகியது. மூன்றாவது முடிந்ததும் நாய் மாதிரி இரைத்தாள். ரோசிலேனி வீட்டுக்குப் போய்ப் பழைய வெண்ணெய் டப்பா ஒன்றை மூடி எடுத்து வந்தாள்.

"வேலைக்காக வந்த உறவு, அவ்வளவுதான்" என்றாள் லிண்டால்வா என்னிடம்.

முடிவு வந்தது. அதே புது வகை. என் கூழ் நிரபராதி என்று வாசலில் எழுதியே மாட்டினேன். ஆனால் காயோவுக்குப் போக்கு நிற்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது. வேலைக்காக வந்த உறவுக்காரி பெட்டியை என் கடையில் போட்டுவிட்டு அவனை மடியில் வைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே கிடந்தாள். துப்பினான். மறுபடி புகட்டினாள். நான் வியாபாரத்தை மறந்து எட்டி எட்டிப் பார்த்தேன்.

உறுதி செய்ய இன்னொரு டப்பா வேண்டும் என்று டாக்டர் போன் செய்தபோது அவள் ரோசிலேனி வீட்டில்தான் இருந்தாள். ரோசிலேனி சிரித்துக்கொண்டே பிள்ளையின் துணியை விரித்துக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"டப்பா கிடையாது டாக்டர்" என்றாள் லிண்டால்வா.

"ஏன், மறுபடி தர மாட்டேங்கறாங்களா?"

"என் பிள்ளைக்கு நின்னுபோச்சு."

"உங்க பிள்ளையா? உங்களுக்கு ஏதும்மா பிள்ளை?"

லிண்டால்வா கருகின பாவாடை ஓரத்தை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"இருக்கான் டாக்டர்" என்றாள்.